மிதிச்ச தரை

ஈரப் புல்லு மேல செருப்பில்லாம நடந்தா உடம்புக்கு நல்லதாம். குயிலாப்பாளையத்துல நான் தோட்ட வேலை பாத்த கெஸ்ட் ஹவுஸுக்கு வர்றவங்க அப்படித்தான் சொல்லிக்கிட்டு, காலங்காத்தால லான்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாங்க. என்னையும் கூப்பிடுவாங்க. நான் போக மாட்டேன். லான் போடறதுதான் என் பொழப்பு, ஆனா போட்ட லான்ல வெறுங்கால் வைக்க மாட்டேன். கேட்டா பித்தவெடிப்புன்னு சொல்லிடுவேன். பித்தவெடிப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பாதத்துல ஈரம் பட்டா எனக்கு இடது தோள் கனக்கும், யாரோ கை போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி. யார் கைன்னும் எனக்குத் தெரியும். என் தம்பி கை.

நாங்க மரக்காணத்து உப்பளத்துல வேலை செஞ்ச குடும்பம். அளம் சொந்தமில்ல, கூலிதான். நான் பதினெட்டு வயசுலயே அதை விட்டுட்டு தெக்கால போயிட்டேன். குயிலாப்பாளையம் பக்கம் செடி வெக்கிறது, வேலி கட்டறது, புல்லு போடறதுன்னு பத்துப் பன்னெண்டு வருஷம் வேலை கத்துக்கிட்டேன். தம்பி என்னை விட அஞ்சு வயசு சின்னவன். அவன் அளத்தை விடல. மழை ஆரம்பிச்சா அளத்துல வேலை இருக்காது, அந்த நாலு மாசம் மட்டும் என்கூட லான் வேலைக்கு வருவான். வாய் ஓயவே ஓயாது அவனுக்கு. சின்ன வயசுல மம்பட்டி பட்டு இடது கால் சுண்டு விரல் போயிடுச்சு. அதைக் காட்டியே, "எனக்கு செருப்புல ஒரு விரலுக்கு இடம் மிச்சம்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிவான்.

உப்பளத்துல மிதின்னு ஒரு வேலை இருக்குது. மழை முடிஞ்சதும் பாத்தியில இருக்கிற சேத்தை வாரிட்டு, களிமண் தரையை ஈரம் காயறதுக்குள்ள காலாலயே மிதிச்சு இறுக்கணும். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு, ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் கையைப் போட்டுக்கிட்டு, கால் ஒட்டிக் கால் வெச்சு பின்பக்கமாவே நகர்ந்து போவணும். ஒரு இடம் விடக் கூடாது. விட்டா அந்த ஓட்டை வழியா தண்ணி பூமிக்குள்ள இறங்கிடும், உப்பு விளையாது. ஒழுங்கா மிதிச்ச தரையில ஒரு சொட்டு கீழ போகாது. ஊரை விட்டுப் போனப்புறமும் மிதிக்கு மட்டும் நான் வருஷா வருஷம் வந்துடுவேன். நானும் தம்பியும் சேர்ந்து மிதிச்சா அளத்துக்காரர் வந்து பாக்கக்கூட மாட்டாரு. எப்பவும் நான் வலது பக்கம், அவன் இடது பக்கம்.

2004 ஆவணியில ஒரு பாய் எங்களைக் கூப்பிட்டாரு. இருபது வருஷம் துபாய்ல இருந்துட்டு வந்தவரு. மரக்காணத்துலயே, கிழக்குக் கடற்கரை சாலைக்கு அந்தாண்ட, கடல் பக்கமா புதுசா வீடு கட்டியிருந்தாரு. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு சென்ட் இடம். அங்க லான் வேணும்னாரு. "துபாய்ல ரோட்டுக்கு நடுவுல, வெறும் மணல்ல புல்லு வெச்சிருக்கான் தம்பி. நம்ம ஊர்ல முடியாதா?" நல்ல மனுஷன். முடியும்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேனே தவிர, நான் அதுவரைக்கும் போட்டதெல்லாம் குயிலாப்பாளையத்துச் செம்மண்ணுல. அங்க மண்ணே பாதி வேலையைப் பாத்துக்கும். இங்க முழங்கை ஆழம் தோண்டினா தண்ணி வருது. நாக்குல வெச்சுப் பாத்தா உப்பு. இந்த உப்பு மேல ஏறுச்சுன்னா புல்லு ஒரு மாசம் தாங்காது. ராத்திரி பூரா யோசிச்சேன். காலையில எனக்கு ஒரு யோசனை வந்துச்சு, அப்படியே பூரிச்சுப் போயிட்டேன். அளத்துல இருந்து களிமண் கொண்டாந்து பரப்பி, பாத்தி மிதிக்கிற மாதிரி மிதிச்சு, தரையை அடைச்சுட்டா? கீழ இருக்கிற உப்பு மேல வராது. அதுக்கு மேல செம்மண்ணும் எருவும் கொட்டி புல்லு நட்டா யாருக்கும் வராத லான் எனக்கு வரும். பெரிய முதலியார்சாவடி நர்சரிக்காரங்க யாருக்காவது இந்த மூளை இருக்குமான்னு நினைச்சுக்கிட்டேன்.

மழைக்காலம் இன்னும் வரல, தம்பி அளத்துல லீவு சொல்லிட்டு வந்தான். ரெண்டு நாள் மிதிச்சோம். தம்பிதான் முதல்ல கேட்டான்.

"ண்ணா, இது பாத்திக்கு மிதிக்கிற மிதி. புல்லுக்கு எதுக்குண்ணா இவ்ளோ?"

"லான் போடறது நானா நீயா?"

"நீதான்."

"அப்ப மிதி."

மிதிச்சான். என் இடது தோள் மேல கையைப் போட்டுக்கிட்டு, ஏதோ கதை பேசிக்கிட்டே பின்னால பின்னால வந்தான். உப்பளமா இருந்தா கடைசியில பலகை போட்டு இழுத்து, பாத்தியை வழவழன்னு ஆக்கிடுவோம். மேலதான் செம்மண் வரப் போகுதேன்னு நான் பலகை போடல. காலடி காலடியாவே விட்டுட்டு மறுநாள் மண்ணைக் கொட்டிட்டோம். கொரியன் புல்லு பாய்க்குப் புடிச்சுது, அதையே கொத்துக் கொத்தா நட்டோம். இருபது நாள்ல பச்சை புடிச்சுது. பாய் வீட்டுக்கு வந்தவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டினாரு.

ஐப்பசி மழை வந்ததும் என் மூளை எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சு போச்சு. கீழயிருந்து ஏறாதுன்னு பாத்தேனே தவிர, மேலயிருந்து இறங்காதுன்னு நான் பாக்கல. பேஞ்ச மழை அத்தனையும் லான்ல நின்னுது. காம்பவுண்டுக்குள்ள ஒரு குட்டை. புல்லு மஞ்சளாச்சு, அப்புறம் அழுகல் நாத்தம் வந்துச்சு. தப்பு என்னன்னு எனக்கு முதல் மழையிலயே புரிஞ்சுடுச்சு. ஆனா வாயைத் திறந்து சொல்லல. பாய்கிட்ட, "இந்த வருஷம் மழை ஜாஸ்தி பாய்"னேன். தம்பிகிட்ட அதுகூட சொல்லல. அவனா தினம் காலையில போயி பக்கெட்ல மொண்டு மொண்டு தண்ணியை வெளிய ஊத்திட்டு வருவான். ஒரு நாள்கூட, "நான்தான் அப்பவே கேட்டேனே"ன்னு அவன் சொன்னதில்ல. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அதுக்கப்புறம் மறந்தும் போயிருப்பேன்.

மார்கழி பொறந்து மழை நின்னும், கடல் பக்கத்து மூலையில மட்டும் தண்ணி வடியல. அந்த மூலையில கடப்பாரை போட்டுத் தரையைக் குத்தி உடைச்சா தண்ணி இறங்கிடும். வேற வழி இல்ல. நான் கெஸ்ட் ஹவுஸ்ல கிறிஸ்துமஸ் கூட்டத்துல மாட்டிக்கிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அவன் தெருவுல இருக்கிற டெலிபோன் கடைக்குப் போன் போட்டு அவனைக் கூப்பிடச் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில போய் அந்த மூலையைக் குத்திடு. களிமண்ணு உடையற வரைக்கும் குத்து. குழியில செங்கல் துண்டு போட்டு நிரப்பிடு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைண்ணா."

"ஒரு மணி நேர வேலைடா. முடிச்சுட்டுப் போய்ப் படுத்துக்க."

சரின்னான். அவன் பொண்டாட்டியும் பொண்ணும் இரும்பைக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. பாய் குடும்பமும் பாண்டிச்சேரியில சொந்தக்காரங்க வீட்டுல. அவன் அங்க போறது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா? ஊருக்கே தெரியும். நான் மரக்காணம் வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிடுச்சு. மூணாவது நாள்தான் தம்பி கிடைச்சான். உப்பங்கழி ஓரம், வேலிக்காத்தான் முள்ளுல. முகத்தை வெச்சு அடையாளம் சொல்ல முடியல. இடது காலைப் பாத்துட்டு, "என் தம்பிதான்"னேன்.

அங்கதான் அது ஆரம்பிச்சுது. சாவு வீட்டுல எங்க தெரு ஆள் ஒருத்தரு, "காலையில அவன் கடல் பக்கம் போனதைப் பாத்தேன். கடல் உள்வாங்கிச்சுன்னு வேடிக்கை பாக்கத்தான் போயிருப்பான்"னாரு. அப்படிப் போன ஜனங்க நிறைய பேர் இருந்தாங்க, அதனால யாரும் மறுத்துப் பேசல. தம்பி பொண்டாட்டி தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. "மாமா, உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"ன்னு கேட்டா. "தெரியலம்மா"ன்னேன். அந்த ஒரு வார்த்தையோட நான் தப்பிச்சேன். தம்பி மாட்டிக்கிட்டான்.

அவ உப்பு மூட்டை சுமக்கிற பொம்பள. ஒப்பாரி வெக்கிற ரகம் இல்ல. பதினாறாம் நாள் காரியத்துல போட்டோவுக்கு மாலை போடச் சொன்னாங்க. "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு கடலை வேடிக்கை பாக்கப் போன மூஞ்சிக்கு மாலை ஒண்ணுதான் குறைச்சல்"னா. போட்டோவை எடுத்துத் தகரப் பெட்டிக்குள்ள குப்புறப் போட்டு மூடிட்டா. கூட்டத்துல நானும்தான் நின்னுக்கிட்டு இருந்தேன். சொல்லுடா, சொல்லுடான்னு உள்ள அடிச்சுக்குது. சொல்லல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன்.

நாளைக்கு நாளைக்குன்னு எட்டு மாசம் போச்சு. அந்த எட்டு மாசத்துல அவன் பேரே, "வேடிக்கை பாத்து செத்தவன்"னு ஆயிடுச்சு. அவன் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. ஒரு நாள் தெருவுல பசங்க சண்டையில, "உங்கப்பன் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டே செத்தான்"னு ஒரு பொடிசு சொல்லுது. அதுக்கு இது, "ஆமா, எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும்"னு சொல்லிட்டு விளையாடப் போயிடுச்சு. இந்தப் பொண்ணு இப்படியே வளர்ந்து, இப்படியே நம்பி, அப்பனைக் கேவலமா நினைச்சுக்கிட்டே கல்யாணமும் கட்டிட்டுப் போயிடும். அதுக்கு நான்தான் காரணம். ஆனா சொன்னா நான்தான் அவனைக் கொன்னேன்னு ஆயிடும். ரெண்டுக்கும் நடுவுல நின்னேன், வேற ஒண்ணும் பண்ணல.

பயம்னா என்னன்னு அந்த மாசங்கள்ல தெரிஞ்சுக்கிட்டேன். எங்கயாவது புதுசா செம்மண் கொட்டி, தண்ணி விட்டு, மேல நடந்தேன்னா, எனக்குப் பின்னால சளக் சளக்னு இன்னொரு காலடி வரும். நான் நின்னா அது ஒரு அடி தள்ளி நிக்கும். பட்டப்பகல்ல, ஆளுங்க வேலை செய்யற இடத்துல. திரும்பிப் பாத்தா ஒருத்தனும் இருக்க மாட்டான். ஒரு தடவை என் வாயே, "அப்ப மிதி"ன்னு சத்தமா சொல்லிடுச்சு. பக்கத்துல நின்ன ஆளு, "என்னா மேஸ்திரி?"ன்னு கேக்கறான். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, அன்னையிலேருந்து வேலைக்குச் செருப்பு போட்டுக்க ஆரம்பிச்சேன்.

மறு வருஷம் ஆடி முடிஞ்சு பாய் என்னைத் தேடிக்கிட்டு பெரிய முதலியார்சாவடி நர்சரிக்கே வந்துட்டாரு. வீட்டை ரிப்பேர் பண்ணி மறுபடியும் குடி வந்துட்டாங்களாம். ரம்ஜான் முடிஞ்சதும் பொண்ணுக்கு நிக்காஹ். "அந்த லான் மட்டும் பாழாக் கிடக்குது தம்பி. நீ அந்தப் பக்கமே வரலையே. உன் தம்பி விஷயம் கேள்விப்பட்டேன், ரொம்ப சங்கடமா இருந்துச்சு. வேற ஆளை வெச்சுக்கலாம், ஆனா நீ போட்டது, நீயே வந்து போடு"ன்னாரு. என்னத்தைச் சொல்லி மறுக்கிறது? சனிக்கிழமை வர்றேன்னேன்.

சனிக்கிழமை போனேன். கேட்டைத் திறந்ததும் அங்கேயே நின்னுட்டேன்.

அலை வந்து புல்லையும் செம்மண்ணையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிருந்துது. நாங்க மிதிச்ச களிமண் தரை மட்டும் அப்படியே இருந்துது. கடல் தண்ணியால அதை ஒண்ணும் பண்ண முடியல, அவ்ளோ இறுக்கமா மிதிச்சிருந்தோம். நின்ன தண்ணி கீழ இறங்க வழியில்லாம வெயில்ல காஞ்சு, காலடிப் பள்ளத்துல எல்லாம் உப்பா பூத்திருந்துது. பலகை போடாம விட்டோமே, அந்தக் காலடிங்க. வரிசை வரிசையா, இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்து வரைக்கும், வெள்ளை வெளேர்னு கால்கள். ஒரு வரிசையில அஞ்சு விரல். பக்கத்து வரிசையில இடது கால் எல்லாத்துலயும் நாலு விரல்.

சும்மா சொல்லல, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

கடல் பக்கத்து மூலையில மணல் மூடின ஒரு பள்ளம். அதுல கடப்பாரை நுனி துருப்புடிச்சு நீட்டிக்கிட்டு இருந்துது. எங்க கடப்பாரை. பக்கத்துல செங்கல் துண்டுங்க, பாதி மணலுக்குள்ள. கையால மணலை வாரினேன். களிமண்ணு உடைஞ்சு, கீழ இருக்கிற மணல் தெரிஞ்சுது. வேலையை முடிச்சிருக்கான். செங்கல் போட்டு நிரப்பறது மட்டும்தான் பாக்கி. அவன் தலையைத் தூக்கிக் கடலைப் பாத்தானோ இல்லையோ, குனிஞ்ச தலையோடவே போயிருப்பானோ என்னவோ.

பாய் பின்னால வந்து நின்னாரு. "இந்தக் கடப்பாரை யாரோடதுன்னு நானும் யோசிச்சேன்"னாரு. எங்களோடதுன்னு சொன்னேன். அவர் கடப்பாரையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "அவன் இங்கயா இருந்தான்?"னு கேட்டாரு. நான் தலையை ஆட்டினேன். மெதுவா, செத்தவங்களுக்குச் சொல்ற இன்னாலில்லாஹி ஓதினாரு. அப்புறம், "நீ எப்பப் பேக்கணும்னு சொல்றியோ அப்பப் பேத்துக்கலாம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல டீ வந்துச்சு. குடிச்சேன்.

அன்னைக்கு சாயங்காலம் தம்பி பொண்டாட்டி மரக்காணத்துல எங்க வீட்டு வாசல்ல நிக்கிறா. அளத்துல வேலை சரியா இல்லயாம். "பாய் வீட்டு லானை மறுபடியும் போடறீங்களாமே மாமா. புல்லு நட பொம்பளைங்க வேணுமில்ல, திங்கக்கிழமை நானும் வர்றேன்"னா. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் இருக்குதா என்கிட்ட? வான்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டு உள்ள வந்து கணக்குப் போட்டேன். நடுவுல ஞாயித்துக்கிழமை இருக்குது. ஒரே நாள்ல தரை மொத்தத்தையும் பேத்துட்டா, திங்கக்கிழமை அவ வரும்போது வெறும் மண்ணுதான் இருக்கும். காலடியும் இருக்காது, குழியும் இருக்காது. புல்லு நட்டுட்டுப் போயிடுவா. என் தம்பி வேடிக்கை பாத்து செத்தவனாவே இருந்துடுவான். இப்படி யோசிச்ச ஆளு நான்தான், வேற யாரும் இல்ல.

ஞாயித்துக்கிழமை விடியக்காலையில மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனேன். என் காலடி வரிசையில இருந்து ஆரம்பிச்சேன். நாலு வெட்டு வெட்டினேன். அஞ்சாவது வெட்டுக்கு அவன் இடது கால் வந்துச்சு. மம்பட்டியை ஓங்கினேன். தோள் கனத்துடுச்சு. சத்தியமா சொல்றேன், தூக்கின கை இறங்க மாட்டேங்குது. "எதுக்குண்ணா இவ்ளோ?"ன்னு காதுக்குள்ள கேக்குது, கோவமா இல்ல, சும்மா கேக்கற மாதிரி. மம்பட்டியைப் போட்டுட்டு அங்கேயே அழுதேன். அவன் செத்தப்ப அழாத அழுகை. பாய் ஜன்னல்ல இருந்து பாத்துட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டாரு. வெயில் ஏறினதும் வீட்டுக்கு வந்துட்டேன்.

திங்கக்கிழமை அவ எனக்கு முன்னாடியே வந்துட்டா. நான் போகும்போது கேட்டுக்குள்ள நின்னுக்கிட்டு இருக்கிறா. தூக்குவாளி கையிலேயே இருக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அதைக் கீழ வெச்சுட்டு, வரிசை ஓரமாவே, எதையும் மிதிக்காம நடந்து போனா. குந்தி உக்காந்து ஒரு பள்ளத்துல உள்ளங்கையை வெச்சா.

"இது அவர் காலு."

"ஆமாம்மா."

"எப்ப மிதிச்சது?"

"போன வருஷம் ஆவணியில."

எழுந்து மூலைக்குப் போனா. குழியைப் பாத்தா, கடப்பாரையைப் பாத்தா. அளத்துல பொழங்கினவளுக்கு அதைப் படிச்சுக் காட்ட வேண்டியதில்ல. "இது?"ன்னு மட்டும் கேட்டா.

"அந்த ஞாயித்துக்கிழமை. தண்ணி வடியலன்னு குத்த வந்தான்."

"வேடிக்கை பாக்கப் போகலையா?"

"இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அனுப்பினேன். இவ்ளோ மிதி வேணாம்னு அவன் சொன்னான். நான் கேக்கல. அதனாலதான் தண்ணி நின்னுது. அதனாலதான் அவன் வர வேண்டியதாச்சு."

அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. "எட்டு மாசமா நான் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டு இருக்கறேன்"னா. குரல் உசரவே இல்ல. அதுக்கப்புறம் முந்தானையை அவுத்து, அந்த நாலு விரல் கால் வரிசையில உக்காந்து உக்காந்து, பள்ளத்துல பூத்திருந்த உப்பை நகத்தாலயே சுரண்டி முந்தானையில போட்டா. ஒண்ணு விடாம. ஒரு மணி நேரம் ஆயிருக்கும். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். முடிச்சுப் போட்டு இடுப்புல சொருகிக்கிட்டு எழுந்தா.

"இப்ப வெட்டுங்க. நீங்க ஒருத்தரே வெட்டுங்க. நான் பாக்கறேன்."

வெட்டினேன். ரெண்டு சென்ட் தரை. நாங்க ரெண்டு பேரு ரெண்டு நாள் மிதிச்சதை நான் ஒருத்தனா வெட்டினேன். அன்னைக்கும் மறுநாளும். அவ செவுத்து நிழல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. தண்ணி கேட்டா கொடுத்தா. களிமண்ணு முழுசும் வெளிய போனதும் மணலும் ஜிப்சமும் போட்டு, லாரித் தண்ணி விட்டு உப்பைக் கழுவி இறக்கினோம். பாய்கிட்ட கொரியன் வேணாம், அருகம்புல்லு போதும்னேன். சரின்னாரு. நடவுல அவளும் குனிஞ்சு நட்டா, நாத்து நடற மாதிரி, நேர் வரிசையா. அன்னையிலேருந்து அவ என்னை மாமான்னு கூப்பிடறதில்ல. எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல.

அந்தப் புல்லு நல்லா வந்துச்சு. நிக்காஹ் அன்னைக்குக் கொழந்தைங்க அதுல புரண்டுச்சுங்க. நான் கேட்டுக்கு வெளியவே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். வருஷ திதிக்குத் தம்பி வீட்டுக்குப் போனேன். போட்டோ செவுத்துல மாட்டியிருந்துது, மாலை போட்டு. கீழ ஒரு கண்ணாடி பாட்டில்ல அந்த உப்பு. மழைக்காலத்து ஈரத்துல கசிஞ்சு, பாட்டிலைச் சுத்தி தரையெல்லாம் நனைஞ்சிருந்துது. தெருவுல இப்ப யாரும் வேடிக்கைப் பேச்சு பேசறதில்ல. அவளே வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கிறா, அவர் வேலைக்குப் போன இடத்துல போனாருன்னு. யாரு அனுப்பினதுன்னு மட்டும் அவ யார்கிட்டயும் சொல்லலன்னு அப்புறம் தெரிஞ்சுது. என் மேல இருக்கிற இரக்கத்துலயா, அது என் வாயால வரட்டும்னு விட்டாளான்னு எனக்குத் தெரியல.

2006 ஜூன்ல பொண்ணை ஒண்ணாவதுல சேக்கணும். பொண்ணை விட்டே எனக்குச் சொல்லி அனுப்பிச்சா, ஸ்கூல்ல வீட்டு ஆம்பள கையெழுத்து வேணுமாம், பெரியப்பா வரணுமாம். போனேன். டீச்சரம்மா அட்மிஷன் பாரம் எழுதிக்கிட்டே பொண்ணைப் பேச வெச்சாங்க. பேரு சொல்லுச்சு, ஒண்ணு ரெண்டு சொல்லுச்சு.

"அப்பா என்ன பண்றாருடா கண்ணு?"

"எங்கப்பா செத்துட்டாரு."

டீச்சரம்மா பேனாவை நிறுத்திட்டாங்க. "சுனாமியிலயா?"ன்னு என்னைப் பாத்து கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பொண்ணே சொல்லுச்சு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கிட்டு.

"எங்கப்பா வேடிக்கை பாக்கப் போகல. புல்லுல தண்ணி நின்னுது, அதை வடிக்கக் குழி வெட்டப் போனாரு. குழி வெட்டி முடிச்சுட்டாரு. அப்புறம்தான் தண்ணி வந்துச்சு."

"யாருடா அங்க போகச் சொன்னது?"

அது அம்மாவைப் பாத்துச்சு. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பொண்ணு, "அது எனக்குத் தெரியாது, அம்மா சொல்லல"ன்னுச்சு.

நான் செருப்பை வெளிய விட்டுட்டு வந்திருந்தேன். ஸ்கூலைக் கழுவி விட்டிருந்தாங்க போல, கால்ல ஈரம். இடது தோள் கனத்துது.

"நான்தான் டீச்சர்"னேன். "நான்தான் அவனைப் போகச் சொன்னேன்."

பொண்ணு தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு. டீச்சரம்மா பாரத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாங்க. கையெழுத்து போட்டேன்.